கற்பனை உலகின் கடலிலும் காற்று வீச வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வீடியோ கேம் என்ற சொல் நம் நாளிதழ்களில் பெரும்பாலும் இணையச் சூதாட்டத்தோடும், அதில் பணத்தை இழந்து சீரழிந்த குடும்பங்களின் செய்தியோடும் சேர்ந்தே வருகிறது. அந்தச் சூதாட்டத்தைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்ததை முழு மனத்தோடு வரவேற்றவர்களில் நானும் ஒருவன். ஆனால் பந்தயத்துக்கும் பணத்துக்கும் தொடர்பே இல்லாமல், ஒரு பெருங்கதைக்குள் நாமே ஒரு பாத்திரமாக நுழைந்து, விரும்பிய திசையில் நடந்து, விரும்பியவரோடு பேசி, நம் முடிவுகளால் கதையை நகர்த்திச் செல்லும் 'ஓப்பன் வேர்ல்டு' கற்பனை விளையாட்டுகளும் உண்டு. அவற்றை அக்கறையோடு ஆடும் இளைஞர்கள் நம் சிற்றூர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மண்டபம் பகுதியில் நாட்டுப்படகுத் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்து, இப்போது கணினிப் பயிற்சி நிலையம் ஒன்றில் பாடம் நடத்தும் நான், எங்கள் கடற்கரையிலிருந்து பார்க்கும்போது இவ்வகை விளையாட்டுகளில் எது குறைகிறது என்பதை இக்கடிதத்தில் எழுதுகிறேன்.

இவ்வகையில் உலகெங்கும் அறியப்பட்டது, அமெரிக்காவின் பெதஸ்டா கேம் ஸ்டூடியோஸ் உருவாக்கி, 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்த 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 5: ஸ்கைரிம்'. 2023-க்குள் 6 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்ற இதன் அடுத்த பாகத்தை, மலைத்தொடரைக் காட்டும் ஒரு சிறு முன்னோட்டத்தோடு 2018 ஜூன் மாதம் அந்நிறுவனம் அறிவித்தது. காத்திருப்பு நீண்டுகொண்டே போகும் இந்த ஆண்டுகளில், அடுத்த பாகம் எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சு ஆடுபவர்களிடையே ஓய்ந்ததே இல்லை. 'இன்னும் பெரிய உலகம் வேண்டும்' என்பதே அந்தப் பேச்சில் அடிக்கடி எழும் கோரிக்கை. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்கைரிமின் நிலப்பரப்பு ஏறத்தாழ 37 சதுர கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அது எங்கள் பாம்பன் தீவின் பரப்பைவிடக் குறைவு. அதே வரிசையில் 1996-இல் வந்த 'டாகர்ஃபால்' விளையாட்டின் உலகமோ கிரேட் பிரிட்டன் அளவு என்று சொல்லி விற்கப்பட்டது. ஆனால் அதன் பெரும்பகுதி கணினியே கணக்குப் போட்டு உருவாக்கியது என்பதால், ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் வேறுபாடு காண்பது கடினம். மக்கள் மனத்தில் நின்றது சிறிய ஸ்கைரிம்தான். ஆகவே நிலத்தை அகலப்படுத்தும் உழைப்பை, இருக்கும் நிலத்தையும் கடலையும் உயிர்ப்பிக்கச் செலவிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

கடலைப் பற்றியே முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இவ்விளையாட்டுகளில் மிகவும் கைவிடப்பட்ட இடம் அதுதான். ஸ்கைரிமின் வடக்கு எல்லை முழுவதும் கடல். சாலிட்யூட், டான்ஸ்டார், வின்டெல்ம் என்ற மூன்று நகரங்களிலும் துறைமுகங்கள் உண்டு. கப்பல்களும் அழகாக வரையப்பட்டு நிற்கின்றன. ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட நாம் ஓட்ட முடியாது. படகுக்காரரிடம் கூலியைக் கொடுத்தவுடன் திரை இருண்டு, அடுத்த நொடியில் மறுகரையில் நிற்போம். நீந்திப் போனால் ஓர் எல்லைக்கு மேல் போக முடியாது என்ற அறிவிப்பு வரும். நீருக்கடியில் வாளும் வீச முடியாது, மந்திரமும் ஏவ முடியாது. மீன்பிடித்தல் என்ற ஒன்றே விளையாட்டு வெளிவந்து 10 ஆண்டுகள் கழித்து, 2021 நவம்பரில்தான் சேர்க்கப்பட்டது; அதுவும் குறித்த சில இடங்களில் தூண்டில் போடுவதோடு சரி. வலையில்லாத, காற்றில்லாத, நீரோட்டமில்லாத ஒரு கடலைக் கடல் என்று ஏற்க எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மனம் வருவதில்லை.

இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் அன்று. 2002-இல் நின்டென்டோ வெளியிட்ட 'தி விண்ட் வேக்கர்' விளையாட்டில் பாய்மரப் படகு காற்றின் திசையை நம்பியே ஓடும். திசையை மாற்ற ஒரு மந்திரக்கோல் வேண்டும். 2013-இன் 'அஸாஸின்ஸ் க்ரீட் 4: பிளாக் ஃபிளாக்' பேரலைகளையும் நீர்த்தாரைச் சுழல்களையும் காட்டியது. 2017-இன் 'பிரெத் ஆஃப் தி வைல்டு' விளையாட்டில் மழை பெய்தால் பாறை வழுக்கும். இடி முழங்கும்போது இரும்பு ஆயுதம் ஏந்தி நின்றால் மின்னல் தாக்கும். இவற்றையெல்லாம் ஒரே உலகில் கூட்டி, அதன் மேல் பருவங்களையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் பகுதியில் வாடைக்காற்றுக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கமுள்ள வடகடல் கொந்தளிக்கும். தென்மேற்குப் பருவத்தின் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாவாகிய தென்கடல் சீறும். ஒரு பக்கம் தொழிலுக்குப் போக முடியாதபோது மறுபக்கம் ஓரளவு அமைதியாக இருக்கும் என்பதால், தொழிலாளர்கள் பருவத்துக்கேற்பக் கடலை மாற்றிக்கொள்கிறார்கள். புயல் நெருங்கினால் பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும். கூண்டின் எண்ணைக் கேட்டவுடன் படகைக் கரையேற்றுவதா, நங்கூரத்தை இறுக்குவதா என்பதைக் குடும்பமே சேர்ந்து முடிவு செய்யும். இப்படிப்பட்ட முடிவுகளை வீரனின் கையில் கொடுக்கும் ஒரு கற்பனை உலகம் எவ்வளவு ஆழமாக இருக்கும்! தீவுக் கோட்டைக்குப் போக வேண்டும், ஆனால் காற்று எதிர்க்கிறது. காத்திருந்தால் எதிரி முந்திவிடுவான், கிளம்பினால் படகு தாங்குமா என்பது தெரியாது. எந்த அரக்கனுடன் போரிடுவதையும்விட இந்தத் தயக்கம் நெஞ்சைப் பிசையும்.

மந்திரத்துக்கும் இதே உலகில் இடமுண்டு. ஸ்கைரிமில் ஒரு முழக்கத்தால் மூடிய வானத்தைத் தெளியவைக்கலாம், இன்னொன்றால் இடிமழையை வரவழைக்கலாம். ஆனால் அந்த மழையால் எந்த உழவனின் வயலும் நனைவதில்லை, எந்தத் துறையிலும் படகு திரும்பி வருவதில்லை. நான் என் பயணத்துக்காகக் காற்றைத் திருப்பினால், அதே காற்றை நம்பிப் பாய் விரித்த அடுத்த ஊர்க்காரர் அன்று வெறுங்கையோடு கரை சேர வேண்டும். மறுநாள் அவர்கள் என்னைச் சந்தையில் கண்டு கேள்வி கேட்க வேண்டும். மந்திரத்துக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்று ஒரு நீலக் கோட்டில் காட்டுகிறார்கள். அதனால் பிறருக்கு ஆகும் செலவையும் காட்டினால்தான் அது மந்திரம்.

அடுத்து, அழிந்த ஊர்கள். ஸ்கைரிமில் வின்டர்ஹோல்டு என்று ஓர் ஊர் உண்டு. கதை நிகழும் காலத்துக்கு ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு முன் அந்த நகரத்தின் பெரும்பகுதி கடலுக்குள் சரிந்துவிட்டது. மிஞ்சியது சில வீடுகள், ஒரு விடுதி, பாறை முனையில் தனித்து நிற்கும் மந்திரக் கல்லூரி. அழிவுக்கு அந்தக் கல்லூரியே காரணம் என்று ஊரார் குமுறுகிறார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்த எவரும் அந்த ஊருக்குள் நுழைந்தவுடன் தனுஷ்கோடியை நினைக்காமல் இருக்க முடியாது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் ரயிலோடு சேர்த்துக் கடல் கொண்டுபோன ஊர் அது. ரயில் நிலையத்தின் இடிபாடும் தேவாலயத்தின் சுவர்களும் இன்றும் மணலில் நிற்கின்றன. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பின்னும் அங்கே மீன்பிடிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களிடம் பேசினால் எங்கே தெரு இருந்தது, எங்கே கடை இருந்தது என்று கைகாட்டிச் சொல்வார்கள். வின்டர்ஹோல்டு மக்களோ ஓரிரு வாக்கியங்களோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வீட்டைக்கூட நம்மால் திரும்பக் கட்டித் தர முடியாது. டிராகன்களை வீழ்த்திய வீரனுக்கு அந்த ஊரில் ஒரு செங்கல்லை எடுத்து வைக்க வழியில்லை என்பது எனக்கு ஆறாத குறை. அதே 1964 புயலில் சிதைந்த பாம்பன் ரயில் பாலம், கடலில் விழுந்த கர்டர்கள் எனும் இரும்பு உத்திரங்கள் மீட்டெடுக்கப்பட்டு, 46 நாட்களில் சீர்செய்யப்பட்டது. அப்படியொரு வேலையை, ஆட்களைத் திரட்டி, இரும்பைத் தேடி, அலை தணியும் நேரம் பார்த்து, நாள் கணக்கில் நடத்திச் செல்லும் ஒரு பணியாக அமைத்தால் அதை எத்தனை பேர் விரும்பி ஆடுவார்கள்! 2012-இன் 'ஹார்த்ஃபயர்' கூடுதல் பகுதியில் நமக்கென்று வீடு கட்டிக்கொள்ளும் வசதி வந்தது. ஊருக்காகக் கட்டும் வசதி வரவில்லை.

உழைப்பும் இங்கே வெறும் அலங்காரமாகவே நிற்கிறது. ஸ்கைரிமில் சமைப்பதற்கு உப்பு அடிக்கடி தேவைப்படும். பீப்பாய்களிலும் கடைகளிலும் அது கிடைக்கும். அதை யார் விளைவித்தார்கள் என்பதற்கு அந்த உலகில் விடையில்லை. வாலிநோக்கம் உப்பளங்களில் வெயிலில் நிற்பவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கண்ணில் படாமல் போகாது. பறித்த மூலிகை சில நாட்களில் அதே இடத்தில் மீண்டும் முளைத்துவிடும்; எத்தனை மான்களை வேட்டையாடினாலும் காட்டில் குறைவு தெரியாது. எங்கள் கடலில் அப்படி இல்லை. விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை இருப்பதே, மீன் குஞ்சு பொரித்துப் பெருக இடம் கொடுக்கத்தான். 21 தீவுகளும் பவளப்பாறைகளும் கடற்பசுக்களும் உள்ள மன்னார் வளைகுடா 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. எடுத்தால் குறையும், காத்தால் பெருகும் என்ற ஒரே விதியைக் கற்பனை உலகில் புகுத்தினால், சங்கு குளிப்பவர், பாசி எடுக்கும் பெண்கள், வலை வியாபாரி, வரி வாங்கும் அரசன் ஆகியோருக்கிடையே எழும் பூசலே பல நூறு கதைகளைத் தரும். அந்தக் கதைகளைத் தேடி யாரும் குகைக்குள் இறங்க வேண்டியிருக்காது.

பதவிகள் கைக்கு வரும் முறையும் மாற வேண்டும். மேலே சொன்ன மந்திரக் கல்லூரியில், ஓரிரு எளிய மந்திரங்களுக்கு மேல் எதுவும் அறியாத ஒருவர்கூடச் சில பணிகளை முடித்துத் தலைமை மந்திரவாதி ஆகிவிடலாம். அதே மனிதர் திருடர் சங்கத்துக்கும் தலைவராகலாம். ஒருவரும் கேட்க மாட்டார்கள். எங்கள் படகுகளில் தண்ணீர் இறைக்கும் சிறுவனாக ஏறியவர் பல ஆண்டுகள் கழித்துத்தான் சுக்கானைப் பிடிப்பார். அதற்குள் எந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், எந்த மீன் என்பதும், எந்த மேகம் எதைக் கொண்டுவரும் என்பதும் அவருக்குள் இறங்கியிருக்கும். மெதுவாக வரும் உயர்வையே ஆடுபவர்கள் நெடுநாள் நினைவில் வைப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

வழிகாட்டும் அம்புக்குறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்கைரிமின் வரிசையிலேயே 2002-இல் வந்த 'மாரோவிண்டு' விளையாட்டில், போக வேண்டிய இடத்தை ஊரார் வாயால் சொல்வார்கள்: இந்தப் பாதையில் போ, ஆற்றைக் கடந்தவுடன் திரும்பு, பாறைக்குப் பின்னால் பார். பிந்திய பாகங்களில் அம்புக்குறியே எல்லாவற்றையும் காட்டிவிடுவதால், கண் நிலத்தைப் பார்ப்பதை விட்டுக் குறியைப் பார்க்கிறது. எங்கள் பக்கம் வழி கேட்டால், கண்மாய்க் கரையோடு போய், பனங்காட்டுக்கு மேற்கே திரும்பி, கோயில் ஊருணியைத் தாண்டு என்பார்கள். போய்ச் சேர்வதற்குள் ஊர் நமக்குப் பழகிவிடும். அம்புக்குறி வேண்டியவர்களுக்கு அது இருக்கட்டும். வேண்டாதவர்கள் அதை அணைத்துவிட்டாலும் வழி தெரியும்படி உரையாடல்களை எழுத வேண்டும்.

சண்டையில் வாள் பட்ட கனம் தெரிய வேண்டும், துணைக்கு வருபவர் வாசலை மறித்துக்கொண்டு நிற்கக் கூடாது, நகர வாயில்தோறும் காத்திருக்கும் நேரம் ஒழிய வேண்டும் என்பவை எல்லோரும் கேட்பவை. அவற்றை நான் விரிக்கவில்லை. ஆடுபவர்களின் விருப்பத்துக்குப் பலன் இல்லை என்றும் யாரும் எண்ண வேண்டாம். 2012 பிப்ரவரியில் நிறுவனமே வெளியிட்ட 'கிரியேஷன் கிட்' என்ற கருவியைக் கொண்டு ஆர்வலர்கள் பிழைகளைத் திருத்தினார்கள். குளிரும் பசியும் உடலைத் தாக்கும்படி செய்தார்கள். பின்னர் 2017-இல் அதே தன்மையுள்ள 'சர்வைவல் மோடு' அதிகாரப்பூர்வமாகவே வந்தது.

நம் மொழிக்கான கோரிக்கை ஒன்றும் உண்டு. ஸ்கைரிம் பிரெஞ்சு, ஜெர்மன், போலிஷ், ஜப்பானியம் எனப் பல மொழிகளில் கிடைத்தும் தமிழில் இல்லை. குரல் பதிவு பெரும் செலவு என்பதை அறிவேன். உரையாடல்களும் நூல்களும் தமிழ் எழுத்தில் வந்தாலே போதும். ஆர்வலர்களே மொழிபெயர்க்க முன்வருவார்கள். ஆனால் கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் சரியாக அமரும்படி விளையாட்டின் எழுத்துரு முறை தமிழை ஏற்க வேண்டும். அதைத் தயாரிப்பாளர்கள்தாம் செய்ய முடியும். அளவையும் குறைக்க வேண்டும். 2023-இன் 'பால்டர்ஸ் கேட் 3' கணினியில் 150 ஜி.பி. இடம் கேட்கிறது. நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரும் கைப்பேசித் திட்டத்தை நம்பியிருக்கும் வீட்டில், அவ்வளவையும் இறக்க 75 நாட்கள் ஆகும். குரல்களையும் உயர்தரப் படங்களையும் தனித்தனியாக இறக்கும் வசதி எல்லா விளையாட்டுகளிலும் வர வேண்டும்.

விளையாட்டு வடிவமைப்புப் பணியில் தமிழ் இளைஞர்களும் இருக்கிறார்கள். தங்கள் நாளிதழைப் படிப்பவர்களும் அவர்களில் இருப்பார்கள். அவர்களில் எவரேனும் கடலோடு ஓர் உலகத்தை வரையத் தொடங்கினால், முதலில் மண்டபத்துக்கோ பாம்பனுக்கோ வந்து, வாடைக்காலத்தில் ஒரு முறையும் கச்சான் காலத்தில் ஒரு முறையும் தொழிலாளர்களோடு பேசிப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். திரைப்படங்களுக்கு விமரிசனம் வெளியிடுவதைப் போல, நல்ல வீடியோ கேம்களுக்கும் தமிழில் விமரிசனம் எழுத வார இணைப்பில் இடம் ஒதுக்குமாறு தங்களையும் அன்போடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.