கையெழுத்துப் போட்டு வாங்கிய கடிதம்

திருகோணமலை
14.09.2025

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் கூடி, இப்போது இறங்கியிருக்கிறது. நீ யோசிக்காதே. தம்பிக்கு நவம்பரில் உயர்தரப் பரீட்சை. இரவில் படிக்கிறான், பகலில் தூங்குகிறான். முற்றத்து முருங்கை போன காற்றுக்கு முறிந்து மறுபடி துளிர்த்துவிட்டது.

நீ அனுப்பிய காசு 9ஆம் திகதி வந்து சேர்ந்தது. வழக்கமாக 28ஆம் திகதி வரும். இந்த முறை முந்தி வந்ததோடு 20,000 ரூபாய் கூடவும் இருந்தது. அப்பாவுக்குப் பெரிய சந்தோஷம். "பிள்ளைக்குச் சம்பளம் கூட்டியிருக்கிறார்கள்" என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அங்கே பிரிட்டனில் குளிர் தொடங்கப் போகிறது. காதை மூடிக்கொண்டு வெளியே போ. இரவு வேலை என்றாலும் சோறு ஒரு பிடியாவது சாப்பிடு. கடவுச்சீட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதே. வேலை தந்தவர்கள் கேட்டாலும் கொடுக்காதே. சம்பளச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் எடுத்து வை.

பாலையூற்று மாமியின் மருமகன் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். அவரை எடுத்த முதியோர் இல்லத்தின் ஸ்பொன்சர் உரிமம், அதுதான் வெளிநாட்டு ஆட்களை எடுக்கிற அனுமதி, பறிபோய்விட்டதாம். 60 நாளுக்குள் வேறு ஸ்பொன்சரைப் பிடிக்காவிட்டால் வெளியேற வேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது. ஜூலை 22ஆம் திகதியோடு வெளிநாட்டிலிருந்து பராமரிப்பு வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதையும் பிரிட்டன் நிறுத்திவிட்டது என்று பேப்பரில் படித்தேன். மாமி கோயிலில் என்னைக் கண்டதும் அழுதுவிட்டா. "உன் பிள்ளைக்கு ஒன்றும் இல்லைத்தானே?" என்று கேட்டா. இல்லை என்றேன்.

31 வருடம் தபால் கந்தோர் கவுண்டரில் இருந்தவள் நான். குவைத்துக்கும் சவூதிக்கும் போன பிள்ளைகளின் தாய்மார் மூதூரிலிருந்து லோஞ்சிலும் கிண்ணியாவிலிருந்து பாதைப் படகிலும் வருவார்கள். அப்போது பாலம் ஏது? கடிதத்தை என்னிடமே பிரித்து வாசிக்கத் தருவார்கள். காசு பிந்தினால் நான் பயந்ததில்லை. சம்பளம் இழுபடும், பிறகு வரும். முந்தியும் கூடியும் வந்தால்தான் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். வேலை போன பிள்ளை, வீட்டில் சந்தேகப்படக்கூடாது என்று கையில் இருந்ததை வழித்து அனுப்பிவிடும். அடுத்த மாதம் ஒன்றும் வராது. இதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். உனக்கு அப்படி என்று நான் சொல்ல வரவில்லை. நினைவு வந்தது, எழுதினேன்.

ஆனால் ஆடிப்பூரத்துக்கு நீ பேசவில்லை. அப்பாவின் பிறந்தநாளுக்கு ஒரு படம் அனுப்பினாய், குரல் இல்லை. "வேலை அம்மா, பிறகு பேசுகிறேன்" என்று மூன்று கிழமையாக ஒரே வரி. பெற்றவளுக்கு இவ்வளவுதானா என்று ஒரு நாள் கோபம் வந்தது. அடுத்த நாள் தம்பியின் பொருளியல் கொப்பியைத் தேடப்போய், உன் பல்கலைக்கழகக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். பணவீக்கம் என்றால் என்ன என்பதை எங்கள் சந்தையின் தேங்காய் விலையை வைத்து எழுதியிருக்கிறாய். படிப்பிக்கப் பிறந்த பிள்ளை நீ. அதைப் பார்த்தபடியே வெகுநேரம் இருந்தேன்.

ஊர்ப் புதினம் கேட்பாய் என்று தெரியும். வரும் 21ஆம் திகதியோடு அந்த ஜனாதிபதித் தேர்தல் நடந்து ஒரு வருடம். வரிசைகள் இல்லை, கரண்ட் நிற்பது குறைவு. டொலர் 300 ரூபாய்க்குக் கிட்ட நிற்கிறது. சாமான் விலை ஏறுவது நின்றிருக்கிறது, இறங்கவில்லை. 2019 கடைசியில் 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்குக் குறைத்த வற் வரி இப்போது 18 வீதம். அந்தக் குறைப்பால் திறைசேரியில் விழுந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று எனக்கு விளங்கப்படுத்தியவள் நீதான். இப்போது அந்த ஓட்டையை நாங்கள் ஒவ்வொரு பில்லிலும் அடைக்கிறோம். வெளிநாட்டுக் கடனைப் பெரிய அளவில் திருப்பிக் கட்டுவது 2028இல் தொடங்கும் என்கிறார்கள். அதுவரைக்கும் இந்தப் பெருமூச்சுத்தான்.

பாராளுமன்றத் தேர்தலில் 225இல் 159 இடம் ஜனாதிபதி அநுரவின் தேசிய மக்கள் சக்திக்குப் போனதும், எங்கள் மாவட்டத்தின் நான்கில் இரண்டை எடுத்ததும் நீ அறிவாய். எங்கள் தமிழ் எம்.பி. சம்பந்தன் ஐயா போய்ச் சேர்ந்து ஐந்து மாதத்துக்குள் அந்தத் தேர்தல் வந்தது. 1977இலிருந்து எங்கள் வீட்டில் வாக்குப் போடுவது யோசிக்க வேண்டிய காரியமே இல்லை. இந்த முறை யோசித்தோம். மாகாண சபைக்கு இங்கே 2012க்குப் பிறகு தேர்தலே வைக்கவில்லை. முத்துநகரில் தலைமுறையாகச் செய்த வயலைச் சூரிய மின் திட்டத்துக்கு எடுக்கிறார்கள் என்று விவசாயிகள் போராடுகிறார்கள். சம்பூரில் நிலக்கரிக்கு என்று ஒதுக்கி, 2016இல் கைவிட்ட திட்டத்துக்குப் பதிலாக இப்போது இந்தியாவோடு சேர்ந்து 120 மெகாவாட் சூரிய மின் நிலையம் வருகிறது. வெயிலில் கரண்ட் எடுப்பது நல்லதுதான். அந்தச் சனம் 2006இல் ஓடி, ஒன்பது வருடம் முகாமில் கிடந்து திரும்பியது. யார் வந்தாலும் முதலில் காணியைத்தான் அளக்கிறார்கள், அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சரி, நான் சொல்ல வந்தது வேறு.

2022ஐ நீ மறந்திருக்க மாட்டாய். 99 எண்ணெய்த் தாங்கி சீனக்குடாவில் இருக்கிறது, முக்கால்வாசி காட்டுக்குள் துருப்பிடித்தபடி. அந்த ஊரில் ஐந்து லீற்றர் மண்ணெண்ணெய்க்கு அப்பா இரவு முழுக்கக் கானைக் கயிற்றில் கட்டி வைத்து வரிசையில் இருந்தார். அவருக்கு முன்னால் கந்தளாயிலிருந்து வந்த ஒரு சிங்கள ஐயா. விடியும்வரை இரண்டு பேரும் ஒரு பிளாஸ்க் தேநீரைக் குடித்துக்கொண்டு உரக் கதை பேசியிருக்கிறார்கள். 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தினார்களே, தம்பலகாமத்து வயல் ஏக்கருக்கு 30 மூடை தந்தது 13 மூடைக்கு வந்தது. அவருக்கும் அதே கணக்குத்தான். ஏப்ரல் 12ஆம் திகதி கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் சொன்ன அன்று நீ மட்டும் எழுந்து நின்று செய்தி பார்த்தாய்.

மே 10ஆம் திகதி நினைவிருக்கிறதா? பிரதமர் பதவியை விட்ட மகிந்தவை எங்கள் கடற்படை முகாமுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று ஊரே முகாம் வாசலுக்குப் போனது. நீயும் செருப்பைப் போட்டுவிட்டாய். நான் கேற்றைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினேன். "அம்மா, இப்போது சிங்களச் சனமும் கேட்கிறது, நாங்கள் உள்ளே இருப்பதா?" என்றாய். எனக்கு 2006 ஜனவரி 2ஆம் திகதிதான் கண்ணுக்குள் நின்றது. காந்தி சிலையடியில் சுட்டுக் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்கள். அன்று பின்னேரம் வேலை முடிந்து வந்த நான், ஒன்பது வயதான உன்னைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனவள். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரும் 2019இல் விடுதலையாகிவிட்டார்கள். இந்த மண்ணில் கேள்வி கேட்கிற பிள்ளையைப் பெற்றவளுக்குப் பூட்டும் திறப்பும்தான் கதி என்று நம்பினேன்.

உன்னை எப்படியாவது அனுப்பிவிட வேண்டும் என்று அன்றிரவே முடிவெடுத்தேன். பத்தரமுல்லையில் இரண்டு இரவு நடைபாதையில் படுத்துக் கடவுச்சீட்டு எடுத்தோம். அந்த வருடம் மட்டும் 9 இலட்சத்துக்கு மேல் கொடுத்தார்களாம். வயலை ஈடு வைத்து, என் காப்பு இரண்டையும் விற்று ஏஜென்சிக்கு முதல் காசைக் கட்டினோம்.

ஆகஸ்டில், நீ கடைக்குப் போயிருந்த நேரம், உன் பெயருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. கொண்டுவந்த தபால்காரத் தம்பி நான் வேலை பழக்கிய பிள்ளை. "அக்காட்டக் குடுங்க அம்மா" என்று என்னிடமே தந்தான். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உறையின் மூலையில் பல்கலைக்கழகத்தின் முத்திரை இருந்தது.

31 வருடத்தில் ஊரார் கடிதம் ஒன்றை நான் பிரித்தது கிடையாது. ஒன்றைப் பிந்திக் கொடுத்ததுகூடக் கிடையாது. சண்டை நாளில் மூன்று கிழமை தேங்கின சாக்குகளை இரவிருந்து பிரித்து அடுக்கியவள். உன்னுடையதைப் பிரித்தேன்.

தற்காலிக உதவி விரிவுரையாளர் பதவிக்கு நேர்முகப் பரீட்சை. 30ஆம் திகதி காலை 9 மணி. மூலச் சான்றிதழ்களோடு வரும்படி இருந்தது.

நான் அடுப்படியில் நின்று திரும்பத் திரும்ப வாசித்தேன். தற்காலிகம் என்ற சொல்லைத்தான் வாசித்தேன். கட்டின காசை நினைத்தேன். சாப்பாட்டுச் சாமான் விலை ஒரு வருடத்தில் இரண்டு மடங்காகிற நாட்டில் அந்தச் சம்பளம் எந்த மூலைக்கு என்று நினைத்தேன். கடிதத்தைச் சாமித்தட்டில் கோணேசர் படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

30ஆம் திகதி நீ வீட்டில் மாவறுத்துக்கொண்டிருந்தாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். பிறகொருநாள் நீ கேட்டாய், "என்னைக் கூப்பிடவே இல்லையே அம்மா, அவ்வளவு புள்ளி இருந்தும்?" என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்த நாட்டில் ஆள் பிடிக்காமல் ஒன்றும் கிடைக்காது பிள்ளை. நீ போய் உன் வாழ்க்கையைப் பார்" என்றேன். நீ ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் பெட்டி அடுக்கத் தொடங்கினாய்.

நாடு உனக்குச் செய்த அநியாயம் நிறைய. இதை நாடு செய்யவில்லை மகள். நான் செய்தேன். நீ போய்க் கிடைத்திருக்குமோ இல்லையோ, கேட்டுப் பார்க்கிற உரிமை உன்னுடையது. மற்றவர்களின் குளியலறை கழுவி உன் கை வெடித்துக் கிடப்பதைப் படத்தில் பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்தத் தட்டில் விளக்கு வைக்கக் கை நடுங்குகிறது. அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. இந்தக் கடிதம் போன பிறகு சொல்லுவேன்.

உன்னைப் போன்றவர்கள் அனுப்பிய காசு போன வருடம் 650 கோடி டொலருக்கு மேல். நெருக்கடி வருடத்தில் அது 380 கோடி அளவில்தான் இருந்தது. அதில்தான் நாடு எழுந்து உட்கார்ந்தது என்று எல்லோரும் பெருமையாகப் பேசுகிறார்கள். நானும் சந்தைக்குப் போகும்போது அந்தப் பெருமையோடுதான் போனேன். இனி எனக்கு அது வேண்டாம். வயல் ஈட்டில் பாதி மீட்டாகிவிட்டது. மிச்சத்தை என் பென்சனில் மெல்லக் கட்டலாம். நீ காசு அனுப்பாதே. இந்த மாதம் அனுப்பாதே, அடுத்த மாதமும் அனுப்பாதே. கையில் இருப்பதை உனக்கு வைத்துக்கொள். ஸ்பொன்சர் தேடவா, சட்டத்தரணிக்குக் கொடுக்கவா, விமானத்துக்கா, எதற்கென்று நான் கேட்க மாட்டேன்.

திரும்பி வா என்றும் நான் எழுத மாட்டேன். ஒருமுறை உனக்காக முடிவெடுத்தது போதும். இங்கே வந்தால் கஷ்டம் இல்லை என்று பொய் சொல்லவும் மாட்டேன். உன்னோடு படித்த பட்டதாரிகள் பலர் இன்னும் வேலைக்கு அலைகிறார்கள். ஆனால் வந்தால் உன் அறை அப்படியே இருக்கிறது, நுளம்பு வலை மட்டும் புதிது. தம்பியும் இப்போது பாஸ்போட் கதை கதைக்கிறான். அவனுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீ அவனோடு பேசு. நான் பேசினால் பயம்தான் பேசும்.

கடவுச்சீட்டை யாரிடமும் கொடுக்காதே. திரும்பவும் சொல்கிறேன், குறை நினைக்காதே.

அந்தக் கடிதத்தை இதற்குள் வைத்திருக்கிறேன். மூலையில் விளக்கெண்ணெய் பட்டுவிட்டது, எழுத்து அழியவில்லை. இதைப் பதிவுத் தபாலில் போடப் போகிறேன், நீயே கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். என்னிடம் இருப்பது உன் பழைய முகவரி. புதன்கிழமை வரைக்கும் உறையை ஒட்டாமல் வைத்திருப்பேன். நீ வேறெங்காவது இருந்தால் வட்ஸ்அப்பில் முகவரியை மட்டும் அனுப்பு. ஏன் மாறினாய் என்று எழுதத் தேவையில்லை.

அம்மா