சிரிக்க வைக்கும் பாட்டுக்கு மூன்று சரணம் கொடுங்கள்

தமிழ்த் திரைப்பட இயக்குநர்கள், இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் அனைவருக்கும்,

வணக்கம். நான் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் இருபத்தேழு வருடமாகப் பாடுகிறவன். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, காதுகுத்து என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகிறோம். எந்த ஊராக இருந்தாலும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கூட்டம் கலையத் தொடங்கும். பிள்ளைகள் பாயில் சுருண்டுவிடுவார்கள், பெரியவர்கள் செருப்பைத் தேடுவார்கள். அந்த நேரத்தில் நாங்கள் ஒரு சிரிப்புப் பாட்டை எடுப்போம். முதல் வரியிலேயே நாலு பேர் திரும்பி உட்காருவார்கள். இத்தனை வருடத்தில் அது எங்களைக் கைவிட்டதே இல்லை.

போன பங்குனியில் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் கச்சேரி. பத்து வயதுப் பையன் ஒருவன் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணே, சிரிப்புப் பாட்டு ஒண்ணு பாடுங்க. ஆனா புதுசா இருக்கணும்" என்றான். கீபோர்டு வாசிக்கிற தம்பியின் செல்பேசியில்தான் எங்கள் பாட்டுப் பட்டியல் இருக்கிறது. இரண்டு பேரும் மேலும் கீழுமாகத் தள்ளித் தள்ளித் தேடினோம். கடைசியில் "கல்யாண வயசு" பாடினோம். அது 2018-இல், அந்தப் பையன் தளர்நடை போட்ட காலத்தில் வந்தது. பையன் கைதட்டினான், ஆனால் அவன் கேட்டது அதையில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் முகம்தான். புதிய சிரிப்புப் பாட்டுகள் வேண்டும் என்று கேட்டு இந்த மடலை எழுத அதுதான் காரணம்.

என்னிடம் இருக்கிற பழைய சரக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவற்றை நான் வெறும் நினைவாகச் சொல்லவில்லை. இன்றும் மேடையில் பாடி, இன்றும் சிரிப்பு வாங்குகிற பாட்டுகள் இவை.

"விஞ்ஞானத்த வளக்கப் போறேன்டி" 1949-இல் "நல்லதம்பி" படத்தில் வந்தது. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் அவர் மனைவி மதுரம் அம்மாவும் பாட, எழுதியவர் உடுமலை நாராயண கவி. பட்டனைத் தட்டினால் இட்லியும் காப்பியும் பக்கத்தில் வந்துவிட வேண்டும் என்று அதில் ஓர் ஆசை வரும். போன வருடம் இதைப் பாடும்போது காலேஜ் பையன்கள் கூட்டமாக விழுந்து விழுந்து சிரித்தார்கள். செல்பேசியைத் தட்டினால் இட்லி வருகிற காலம் அல்லவா இது? எழுபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் அந்த வரி பழசாகவில்லை. "முதல் தேதி" படத்தில் மாதத்தின் முதல் இருபது நாளையும் கடைசிப் பத்து நாளையும் கலைவாணர் பிரித்துப் பாடினாரே, அது 1955. சம்பளக்காரர் வீட்டு விசேஷம் எதிலும் அதைப் பாடாமல் நாங்கள் இறங்கியதில்லை.

அப்புறம் சிரிப்பு நடிகரும் பாடகருமான சந்திரபாபு. அவரைப் பாடுவது லேசு என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை மேடையில் பாடிப் பார்க்கட்டும். "குங்குமப் பூவே" பாட்டில் குரலை உடைத்து மேலே தூக்கி, உடனே கீழே இறக்கி, அதற்குள் சிரிப்பையும் கொண்டுவர வேண்டும். ஆறு மாதம் பயிற்சி எடுத்த பிறகுதான் எனக்கு அது பாதியாவது வந்தது. "புதையல்" படத்தின் "உனக்காக எல்லாம் உனக்காக" எங்கள் பக்கத்து ஊர்க்காரர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதியது. உழைப்பாளிக்காக எழுதிய அதே கைதான் காதலிக்காகத் திரும்பவும் பள்ளிக்கூடம் போகத் தயார் என்று நிற்கிற ஒருவனையும் எழுதியது. 29 வயதில் போய்விட்ட மனிதர், சிரிப்புப் பாட்டைச் சின்ன வேலையென்று தள்ளவில்லை. இதைப் பாடலாசிரியர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

"விஸ்வநாதன் வேலை வேணும்" பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீதரின் "காதலிக்க நேரமில்லை", 1964. வேலை போன இளைஞன் ஒருவன் முதலாளி பங்களா வாசலில் கூடாரம் அடித்து, கூட்டம் சேர்த்து, அவர் பேரைச் சொல்லியே கோஷம் போடுகிறான். வேலையில்லாத பையனின் கோபம், போராட்டத்தின் கோஷம், முதலாளியாக நடித்த பாலையாவின் தவிப்பு எல்லாம் ஒரே பாட்டுக்குள் இருக்கின்றன. கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையமைத்தது. அதே கண்ணதாசன் 1967-இல் "அனுபவி ராஜா அனுபவி" படத்துக்காக "மெட்ராஸ் நல்ல மெட்ராஸ்" எழுதினார். தெற்கேயிருந்து வந்தவன் பட்டணத்தைப் பார்த்து மிரளுவதை, எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் பாடிய டி.எம்.எஸ். நாகேஷுக்காகப் பாடினார். கம்பீரக் குரலுக்குப் பேர்போனவர், அந்தக் குரலை அப்படியே ஒரு வெகுளிப் பையனின் வாயில் பொருத்திக்கொடுத்தார்.

பத்து வருடம் கழித்து "அவர்கள்" படத்தில் "ஜூனியர் ஜூனியர்". ஒரு மனிதனும் அவன் பொம்மையும் மாறி மாறிப் பாடிக்கொள்கிற பாட்டு. எஸ்.பி.பி.யோடு சேர்ந்து சதன் அந்தப் பொம்மைக்குக் குரல் கொடுத்தார். இதைப் பாட எங்கள் குழுவில் நாங்களே ஒரு துணிப் பொம்மை செய்து வைத்திருக்கிறோம். பொம்மை வாயைத் திறந்ததும் முன்வரிசைக் குழந்தைகள் மேடை விளிம்புக்கே வந்துவிடுவார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. மேலே சொன்ன எல்லாப் பாட்டிலும் ஒரு முகம் பாடுகிறது. இன்று பெரும்பாலான பாட்டுகள் பின்னணியில் ஓடுகின்றன, திரையில் மான்டாஜ், அதாவது துண்டு துண்டான காட்சிகள், போகிறது. கதாநாயகன் நடக்கிறான், பைக் ஓட்டுகிறான், ஜன்னலைப் பார்க்கிறான், யாரும் வாயசைப்பதில்லை. காதலுக்கும் சோகத்துக்கும் அது ஒத்துப்போகும். சிரிப்புக்கு ஒத்துப்போகாது. பாடுகிறவனின் கண்ணும் புருவமும், எதிரே நிற்கிறவரின் திகைப்பும் இல்லாமல் சிரிப்புப் பாட்டு பாதிதான். வாயசைப்பு பழைய பாணி என்று நீங்கள் அதை விட்டபோது, உங்களுக்கே தெரியாமல் இந்தப் பாட்டு வகையையும் சேர்த்து விட்டுவிட்டீர்கள்.

இரண்டாவது, சரணம். நகைச்சுவை ஏணி மாதிரி ஏற வேண்டும். பல்லவியில் ஒரு பிடி கொடுத்து, முதல் சரணத்தில் அதைப் பெரிதாக்கி, இரண்டாவதில் திருப்பி, மூன்றாவதில் எதிர்பாராத இடத்தில் போட்டு உடைப்பார்கள். ரீல்ஸுக்கு அரை நிமிடத்தில் ஒரு வரி வேண்டும் என்று மெட்டுப் போட்டால் பிடி மட்டும் இருக்கும், ஏணி இருக்காது. அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடும்போது ஆட்டம் வருகிறது, சிரிப்பு வருவதில்லை. சமீபத்திய பாட்டு ஒன்றை மேடையில் முழுதாகப் பாட முயன்றால் இது உடனே தெரிந்துவிடும். ஹூக் என்கிற அந்த ஒரு வரி முடிந்ததும் கூட்டம் தன் பேச்சுக்குத் திரும்பிவிடுகிறது.

மூன்றாவது, சொல் காதில் விழ வேண்டும். தாளமும் பேஸும் சொல்லை மூடிவிட்டால் என்னதான் நல்ல வரி எழுதியிருந்தாலும் பயனில்லை. பழைய ஒலிப்பதிவுகளில் அந்த வரி வரும் இடத்தில் வாத்தியங்கள் ஒதுங்கி வழிவிடுவதைக் கேட்டுப் பாருங்கள்.

2011-இல் "வொய் திஸ் கொலவெறி டி" வந்து உலகமெல்லாம் சுற்றியது. நல்ல விளையாட்டுப் பாட்டு, இன்றும் அதைப் பாடச் சொல்லிக் கூட்டத்திலிருந்து எங்களுக்குச் சீட்டு வருகிறது. ஆனால் அதைப் பார்த்து அதன் பின்னால் வந்த பாட்டுகள் பலவற்றில் விளையாட்டு போய், குடியும் பெண்களைத் திட்டுவதும்தான் மிஞ்சின. அவற்றைக் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நான் பாடுவதில்லை. கேட்டுச் சீட்டு வந்தாலும் மடித்து வைத்துவிடுவேன். பழைய பாட்டுகளிலும் இப்படிச் சில உண்டு, உடம்பையும் நிறத்தையும் கேலி செய்தவை. அவை திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

சிரிப்பு நடிகருக்கென்று படத்தில் தனிக் கதை இருந்த காலம் போய்விட்டது, அவர்களே கதாநாயகர்களாகிவிட்டார்கள் என்று சொல்வீர்கள். சரி, ஆகட்டும். கதாநாயகனான பிறகும் அவர்களுக்கு ஒரு சிரிப்புப் பாட்டு கொடுக்கலாமே? இளையராஜாவின் இசையில் வடிவேலு "எட்டணா இருந்தா" பாடினாரே, அது அவர் குரலுக்கே பொருந்திய பாட்டு. 1995-இல் வந்தது, இன்றும் எங்கள் பட்டியலில் முதல் பத்துக்குள் இருக்கிறது. 2010-இல் தமிழ் சினிமாவையே நையாண்டி செய்த "தமிழ்ப்படம்" வந்தபோது, அர்த்தமில்லாத சொற்களை மட்டும் கோத்து "ஓ மகசீயா" என்று ஒரு காதல் பாட்டே செய்தார்கள். அதைப் பாடிய ஹரிஹரனும் ஸ்வேதா மோகனும் உண்மையான காதல் பாட்டுக்குரிய உருக்கத்தில் கொஞ்சமும் குறைக்கவில்லை. சிரிப்பே அதில்தான் இருந்தது.

சினிமாவே வேண்டாம், தனியாகவும் இது முடியும். இலங்கையில் பொப் பாடகர் நித்தி கனகரத்தினம் "சின்ன மாமியே" பாடியபோது அதற்குப் படமில்லை. அதே ஊர்ப் பாடகர் ஏ.இ. மனோகரனின் குரலில் "சுராங்கனி" கடல் தாண்டி வந்த பிறகுதான் சினிமா அதை எடுத்துக்கொண்டது. ஆனால் எங்கள் ஊர்த் திருவிழாவில் சீட்டு எழுதுகிறவர்கள் இன்னும் சினிமாவைத்தான் எழுதுகிறார்கள், அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

இயக்குநர்களே, கதையில் ஒரு மனிதன் அசட்டுத்தனமாக மாட்டிக்கொள்ளும் இடம் எப்படியும் இருக்கும். அங்கே ஒரு பாட்டுக்கு நான்கு நிமிடம் விடுங்கள். இசையமைப்பாளர்களே, அந்த ஒரு பாட்டுக்காவது வரியை முதலில் எழுதச் சொல்லி, பிறகு மெட்டுப் போடுங்கள். பாடலாசிரியர்களே, நடிக்கப் போகிறவரோடு ஒரு நாள் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேளுங்கள்.

அப்படி ஒன்று வந்தால் எங்கள் குழு ஒரே வாரத்தில் ஒத்திகை பார்த்துவிடும். அடுத்த பங்குனிக்கும் அதே கிராமத்தில் எங்களுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
ஒரு மெல்லிசைக் குழுப் பாடகன்