மூச்சு வாங்க மேலே வரும் மீன்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. சின்னவளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். முதல் நாளே வந்து வேலைகளில் கூடமாட நிற்க வேண்டும் என்று உன் தங்கச்சி இப்போதே திட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். எனக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பொடி எழுத்தும் தெளிவாகத் தெரிவதால் மறுபடியும் புத்தகங்களுக்குள் போய்விட்டேன்.

நீ கேட்ட கேள்வி என்னை விடவில்லை. ஏரி வற்றி மீன் பிடித்த அன்று, கரையில் போட்ட கெண்டையெல்லாம் சிறிது நேரத்தில் அடங்கிவிட, விரால் மட்டும் பொழுது சாயும்வரை கூடையில் புரண்டுகொண்டிருந்தது என்று எழுதியிருந்தாய். ‘தண்ணீரை விட்டுத் தரைக்கு வர வேண்டும் என்று முதல் மீனுக்கு ஏன் தோன்றியது?’ என்றும் கேட்டிருந்தாய். இத்தனை காலம் விலங்கியல் பாடம் நடத்திய உரிமையில் சொல்கிறேன்: எந்த மீனுக்கும் அப்படித் தோன்றவில்லை. காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு தண்ணீருக்குள்ளேயே பிழைத்துக் கிடப்பதற்காக வந்தது. தரை ஏறியது அதற்குப் பல கோடி ஆண்டுகள் கழித்து நடந்த கதை.

முதலில் உன் ஏரியையே எடுத்துக்கொள். ஒரு லிட்டர் காற்றில் 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் தெளிந்த நீரில் ஏழெட்டு மில்லிலிட்டர் கரைந்திருந்தாலே அதிகம். நீர் சூடாக ஆக அது இன்னும் குறையும். தழையும் வேரும் அழுகும் குட்டையில், விடியற்காலை நேரத்தில், கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சாது. ஆனால் அந்த நீருக்கு ஒரு விரற்கடை மேலேயே ஆக்சிஜன் அளவில்லாமல் கிடக்கிறது. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கத் தெரிந்த மீனுக்கு அந்தக் குட்டையே ராஜ்யம், போட்டிக்கு யாரும் இல்லை. கெண்டையால் இது முடியாது. அதன் செவுள் இழைகள் நீரில் மிதந்து விரிந்தால்தான் வேலை செய்யும். வெளியே எடுத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் ஆக்சிஜன் இருக்க, அது மூச்சு முட்டிச் சாகிறது.

விரால் அதற்கு நேர்மாறு. செவுளுக்கு மேலே தலைக்குள் ஓர் அறை இருக்கிறது. அதன் சுவரெல்லாம் ரத்த நாளங்கள். வளர்ந்த விராலை மேலே வரவிடாமல் வலையில் நீருக்கடியிலேயே பிடித்து வைத்தால் அது மூழ்கியே செத்துப்போகும். மீன் நீரில் மூழ்கிச் சாகும் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். நான் அந்தப் பாடத்தை ஒவ்வொரு வருஷமும் ஆசையோடு எதிர்பார்த்திருப்பேன்.

தேளி மீனுக்குச் செவுள் அறையிலிருந்து முதுகுத் தசைக்குள் பின்னோக்கி நீளும் இரண்டு காற்றுக் குழாய்கள் உண்டு. அயிரையின் உறவுக்காரர்களில் சில காற்றை விழுங்கிக் குடலில் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பின்பக்கம் வெளியே விடும். பிச்சாவரத்துச் சேற்றில் குதிக்கும் சேற்றுத்துள்ளி ஈரத் தோலாலும் வாயின் உட்சுவராலும் மூச்சு விடுகிறது. இவை ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டவை அல்ல. தனித்தனிப் பரம்பரைகளில், தனித்தனிக் காலங்களில், கையில் கிடைத்த உறுப்பை வைத்து ஒவ்வொன்றும் ஒரு வழி கண்டிருக்கிறது. பரிணாமத்தில் என்னை இன்றும் சிலிர்க்க வைப்பது இதுதான்.

பனையேறிக் கெண்டையை உனக்குத் தெரியும், பெயரில்தான் கெண்டை, அது வேறு மீன். அதன் கதை நம் பக்கத்துத் தரங்கம்பாடியில் நடந்தது. ஊர் டேனிஷ்காரர்கள் கையில் இருந்த காலம். 1791 நவம்பரில் டால்டோர்ஃப் என்ற லெப்டினன்ட், ஒரு குளத்தருகே பனைமரத்தின் வெடிப்பில், நீர்மட்டத்துக்கு ஐந்தடி மேலே இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பிடித்ததாக எழுதினார். செவுள் மூடியின் முட்களை ஊன்றி, வாலை வளைத்து உந்தி ஏறியது என்பது அவர் வர்ணனை. 1797-இல் லண்டன் லின்னியன் சங்கத்தின் இதழில் அது அச்சானது. பின்னால் வந்தவர்கள் ஐயப்பட்டார்கள். காக்கையோ பருந்தோ தூக்கிப் போய் மரத்தில் போட்டிருக்கலாம் என்றார்கள். மரமேறுவது சந்தேகம்தான். ஆனால் மழை நாளில் ஈரத் தரையில் முட்களை ஊன்றி ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்கு அது போவது உண்மை. நாம் இருவரும் சின்ன வயதில் வரப்பில் பார்த்ததுதானே. செவுளுக்கு மேல் அதற்குப் பல மடிப்புகளாகச் சுருண்ட எலும்புத் தகடு இருக்கிறது, மேலே மெல்லிய தோல், அதில் ரத்தம். தலையில் அந்த உறுப்பு இருப்பதால்தான் அந்தப் பயணம்.

அதே தரங்கம்பாடியில் ஜான் என்ற பாதிரியார் இருந்தார். நம் கடற்கரை மீன்களைச் சேகரித்து பெர்லினில் இருந்த மருத்துவர் பிளாக்குக்கு அனுப்பிவந்தார். அதற்கு நன்றியாகத்தான் கத்தாழை மீன்களின் ஒரு பேரினத்துக்கு பிளாக் ‘ஜானியஸ்’ என்று பெயர் வைத்தார். அந்த மீன்களைப் பிடித்துக் கொடுத்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

சரி, பழைய காலத்துக்குப் போவோம். கத்தாழையை அறுத்தால் முதுகெலும்பை ஒட்டி வெள்ளையாகக் காற்றுப்பை இருக்கும். பெரிய கூரலில் அதை நெட்டி என்று தனியாக எடுத்து நல்ல விலைக்கு விற்பார்கள். மீன் நீரில் மிதக்கவும் ஆழத்தில் நிற்கவும் உதவும் பை அது. இந்தப் பைதான் மாறி நுரையீரல் ஆனது என்று டார்வின் 1859-இல் எழுதினார். இரண்டும் ஒரே உறுப்பு என்பதில் அவர் சொன்னது சரி. வரிசைதான் தலைகீழ் என்று இன்று தெரிகிறது. எலும்பு மீன்களின் பொது மூதாதைக்கே நுரையீரல் இருந்தது. ஆப்பிரிக்க ஆறுகளில் வாழும் பிச்சிர் என்ற பழைய பரம்பரை மீனுக்கு இன்றும் அது உணவுக்குழாயின் அடிப்பக்கம் இரட்டைப் பையாக, நமக்கு இருப்பதுபோலவே இருக்கிறது. மற்றப் பெரும்பாலான மீன்களில் அது முதுகுப் பக்கம் போய் மிதவைப் பை ஆகிவிட்டது. சுறாவும் திருக்கையும் வேறு கிளை. அவற்றுக்கு இரண்டும் இல்லை, எண்ணெய் நிறைந்த ஈரல்தான் மிதக்க உதவுகிறது. ஆக, விராலின் முன்னோர் நுரையீரலை மிதவைப் பையாக மாற்றிவிட்டு, பிறகு தேவை வந்தபோது தலைக்குள் புதிதாக ஓர் அறை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பழைய வழிக்குத் திரும்பவில்லை, பார்த்தாயா!

நுரையீரலை நுரையீரலாகவே வைத்துக்கொண்டவர்களில் நம் நெருங்கிய சொந்தக்காரர்கள் ஆறே இனங்கள்தான்: ஆப்பிரிக்காவில் நான்கு, தென் அமெரிக்காவில் ஒன்று, ஆஸ்திரேலியாவில் ஒன்று. நுரையீரல் மீன்கள் என்றே பெயர். ஆப்பிரிக்க இனங்கள் ஆறு வற்றினால் சேற்றில் குழி தோண்டி, உடம்பைச் சுற்றிக் கோழையால் உறை செய்து, அடுத்த மழைவரை தூங்கும். ஆஸ்திரேலிய மீனின் கதை இன்னும் விசித்திரமானது. குவீன்ஸ்லாந்தில் பர்னெட் ஆற்றங்கரைக் குடியேறிகள் அதைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபார்ஸ்டர் என்பவர் இதைச் சொன்னபோது சிட்னி அருங்காட்சியகத்தின் கிரெஃப்ட் நம்பவில்லை. 1870-இல் மீனே வந்து சேர்ந்தது. வாயைத் திறந்து பார்த்தால், முகடு முகடாகச் சீப்புப்போன்ற பல்தகடுகள்! ஐரோப்பாவின் பழைய பாறைகளில் ‘செரடோடஸ்’ என்ற பெயரில் வெறும் பல்லாக மட்டும் தெரிந்திருந்த உயிரின் பற்கள் அவை. செய்தியை அவர் சிட்னி நாளிதழுக்குக் கடிதமாகவே எழுதி அனுப்பினார். அந்த மாதிரிப் பற்கள் நம் கோதாவரிப் பள்ளத்தாக்கில், மலேரி என்ற இடத்துச் சிவப்புப் பாறைகளிலும் கிடைத்திருக்கின்றன. டைனோசர்கள் தலையெடுத்த ட்ரயாசிக் காலத்தில் அங்கே ஆறுகள் ஓடின. அவற்றில் இவை மூச்சு வாங்க மேலே வந்து போயிருக்கின்றன.

இந்த நுரையீரல் மீனுக்கு வஞ்சிரம் தூரத்து உறவு, நீயும் நானும் கிட்டத்து உறவு. மரபணு வரிசையைப் படித்து இது உறுதியாகிவிட்டது. 1938-இல் தென்னாப்பிரிக்காவில் வலையில் சிக்கி உலகையே ஆச்சரியப்படுத்திய சீலகந்த் என்ற மீன்கூட நமக்கு அதைவிடத் தள்ளித்தான் நிற்கிறது. அதன் உடலுக்குள்ளும், பயன்படாமல் சுருங்கிப்போன ஒரு நுரையீரல் இருக்கிறது. ஆழ்கடலுக்குப் போனபின் அதற்கு வேலை இல்லை.

இனி உன் கேள்வியின் மிச்சம்: கால். 2004-இல் கனடாவின் வடகோடி எல்ஸ்மியர் தீவில் டிக்டாலிக் கிடைத்தது, 37.5 கோடி ஆண்டுப் பழைய மீன். செதிலும் துடுப்பும் உண்டு. ஆனால் துடுப்புக்குள் தோள், முழங்கை, மணிக்கட்டு எலும்புகள் இருக்கின்றன. தலை தட்டை, கண்கள் மேலே, தலையைத் திருப்பக் கழுத்தும் உண்டு. ஆழமில்லாத ஓடையின் அடியில் துடுப்பை ஊன்றி நிமிர்ந்து மேலே பார்க்கும் உடம்பு அது. அதைவிடப் பழைய காலடித் தடங்கள் போலந்தில் இருப்பதாக 2010-இல் ஓர் ஆய்வு வந்தது. அவை உண்மையில் காலடிகள்தானா என்ற விவாதம் ஓயவில்லை. அதனால் டிக்டாலிக்கை நேர் மூதாதை என்று சொல்லாதே, அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்று சொல். கிரீன்லாந்தில் கிடைத்த அகாந்தோஸ்டேகா என்ற பழங்கால நாலுகால் விலங்குக்கு எட்டு விரல். விரல் இருந்தும் மீனைப்போலச் செவுளும் இருந்தது. அதாவது விரலும் தண்ணீருக்குள்ளேயே வந்துவிட்டது. நுரையீரல், கழுத்து, மணிக்கட்டு, விரல் எல்லாம் நீரில் வாழ்ந்தபோதே ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கரை ஏறியவர்கள் கையில் இருந்ததைக் கொண்டுதான் ஏறினார்கள்.

ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. பர்னெட் ஆற்றின் குறுக்கே பெரிய அணை கட்டி 2005-இல் முடித்தார்கள். ஆஸ்திரேலிய நுரையீரல் மீன் முட்டையிட ஆழமில்லாத, செடி வளர்ந்த நீர் வேண்டும். அணையின் தேக்கத்தில் அது இருக்காது. பக்கத்து மேரி ஆற்றில் திட்டமிட்ட அணைக்கு 2009-இல் ஆஸ்திரேலிய மத்திய அரசு அனுமதி மறுத்துவிட்டது. இத்தனை கோடி ஆண்டு வறட்சியையும் அழிவையும் தாண்டி வந்த பரம்பரை ஒரு மதகுக்குத் தோற்பது எனக்குத் தாங்கவில்லை.

நம் ஊர் நிலைமை வேறு மாதிரி. ஆப்பிரிக்கக் கெளுத்தி காற்றைச் சுவாசிக்கும். கண்ணாடித் தொட்டிக்கு வாங்கி, பிறகு ஏரியில் விட்டுவிடுகிறார்களே அந்த ‘டேங்க் கிளீனர்’, அது இரைப்பையாலேயே காற்றைச் சுவாசிக்கும். சாக்கடை கலந்த நீரிலும் இவை சாகாததற்கு முக்கியக் காரணம் இதுதான். விராலும் தேளியும் தங்களுக்கென்று வைத்திருந்த இடத்தில் இப்போது இவையும் வந்து உட்கார்ந்துவிட்டன.

அதனால் எனக்கு ஓர் உதவி செய். உங்கள் ஏரியில் வலை போடுகிறவர்களைக் கேட்டு எழுது: பனையேறி இப்போதும் விழுகிறதா? தேளி முன்பைவிடக் குறைந்திருக்கிறதா? டேங்க் கிளீனர் முதலில் எந்த வருஷம் வலையில் வந்தது? பெரியவர்கள் யாராவது வேறு மூச்சு வாங்கும் மீன்களைச் சொன்னால் அவர்கள் சொல்லும் பெயரையே அப்படியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்