ஜன்னல் வைக்காதீர்கள்: டீக்கி உணவக உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய டீக்கி உணவகங்களை வாங்கியிருக்கும், வாங்கப் போகும் முதலாளிகளுக்கும், அவற்றைப் புதுப்பிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். நான் கலிஃபோர்னியாவில் ஓக்லாந்தில் குடியிருக்கிறேன். கல்யாணமான புதிதிலிருந்தே நானும் என் கணவரும் ஒரு டீக்கி உணவகத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தோம். பசிபிக் தீவு மாதிரி உள்ளே ஜோடித்து, ரம் கலந்த மதுக்கலவைகளைப் பரிமாறும் இடத்தைத்தான் இங்கே டீக்கி என்பார்கள். கதவைத் திறந்ததும் நேரே உள்ளே போய்விட முடியாது. ஒரு வளைவு, சின்னதாக ஒரு மரப்பாலம், கீழே தண்ணீர் ஓடும் சத்தம். இருட்டுக்குக் கண் பழகவே ஒரு நிமிஷம் ஆகும். அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரியும்: மூங்கில் கழிகள், கயிறு சுற்றிய தூண்கள், தலைக்கு மேலே பேத்தை மீன் விளக்குகள். மீனை ஊதிய நிலையிலேயே காயவைத்து உள்ளே பல்பு மாட்டியிருப்பார்கள். முள்ளின் நிழல் கூரையில் விழும்.

போன வருஷம் அதைப் புதுப்பித்துத் திறந்தார்கள். என் கணவரின் பிறந்தநாளுக்குப் போனோம். தெருப்பக்கச் சுவரை இடித்து, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி போட்டிருந்தார்கள். வெள்ளைச் சுவர். மூங்கில் இருந்த இடத்தில் மூங்கில் படம் அச்சிட்ட தாள். மண் குவளை போய், மெலிந்த கண்ணாடித் தம்ளரில் மாய் தாய் என்ற ரம் கலவை வந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் எதிரே பஸ் நிறுத்தம், அதற்கப்பால் சிக்னல். சிவப்பு, பச்சை, மறுபடி சிவப்பு. வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பாதி மேசை காலி. "பழைய ஆட்கள் ஒரு தடவை வந்து பார்க்கிறார்கள், அப்புறம் வருவதில்லை" என்றார் பரிமாறிய பையன். இந்த வருஷம் மூடிவிட்டார்கள். பெயரைச் சொல்லி யாரையும் நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. அடுத்த கடைக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

டீக்கி எதற்காகப் பிறந்தது என்று கொஞ்சம் யோசியுங்கள். 1933 டிசம்பரில் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியது. அந்தக் கையோடு எர்னஸ்ட் காண்ட் என்பவர் ஹாலிவுட்டில் சின்னதாக ஒரு மதுக்கடை போட்டார். டீக்கி உலகில் பிரபலமான டான் தி பீச்காம்பர் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். பொருளாதாரப் பெருமந்தம் நாட்டையே நசுக்கிக்கொண்டிருந்த நேரம் அது. கப்பலேறிப் பசிபிக்கின் தென்கடல் தீவுகளுக்குப் போக வழியில்லாத மக்களுக்கு அவர் நாலு சுவருக்குள் ஒரு தீவைக் காட்டினார். கூரைமேல் தண்ணீரைப் பீய்ச்சி மழைச் சத்தம் வரவைப்பார், வெளியே மழை என்று நினைத்து வாடிக்கையாளர்கள் இன்னொரு கோப்பை வாங்குவார்கள் என்று சொல்வார்கள். ஜன்னல் இருந்தால் அந்த மழை பெய்யுமா?

எங்கள் ஓக்லாந்திலேயே விக்டர் பெர்ஜரான் 1934-இல் தொடங்கிய கடைதான் ட்ரேடர் விக்ஸ் என்ற டீக்கி உணவகத் தொடராக வளர்ந்தது. 1944-இல் மாய் தாய் தன் கைப்பட உருவானது என்று அவர் கடைசிவரை சொன்னார். ரம், எலுமிச்சை, ஆரஞ்சு மதுச்சாறு, பாதாம் பாகு, கொஞ்சம் கற்கண்டுப் பாகு. அவ்வளவுதான். அதே ட்ரேடர் விக்ஸ் 2007-இல் லாஸ் வேகஸில் நவீனத் தோற்றத்தில் ஒரு பெரிய கிளையைத் திறந்தது. 2009-இலேயே அது மூடப்பட்டது. 2008-இன் பொருளாதாரச் சரிவுக்கும் அதில் பங்கிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் காசு இறுகிய காலத்தில்தானே டீக்கி பிறந்தது? பளபளப்புக்குக் குறைவே இல்லாத ஊரில் இன்னொரு பளபளப்பான கூடத்தை ஜனங்கள் ஏன் தேடிப் போக வேண்டும்?

புதுப்பிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் 1956-இல் திறந்த மாய்-காய் உணவகத்தைப் பாருங்கள். 2020 அக்டோபர் மழையில் சமையற்கட்டுக் கூரை இடிந்து கடையே மூடிப்போனது. புதிய பங்குதாரர்கள் வந்தார்கள். சமையற்கட்டைப் புதிதாகக் கட்டினார்கள். சாப்பாட்டு அறைகளின் பழைய முகத்தைக் காப்பாற்றினார்கள். 2024 நவம்பரில் திறந்தபோது மக்கள் திரும்பி வந்தார்கள். கூரை, குழாய், வயரிங், அடுப்பு, கழிப்பறை, சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதை: செலவழிக்க இத்தனை இடம் இருக்கிறது. தாராளமாகச் செலவழியுங்கள்.

மாற்றியே ஆக வேண்டியதும் ஒன்று உண்டு. டீக்கி என்பது நியூஸிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தொன்மத்தில் முதல் மனிதன். மாவோரிகள் உள்ளிட்ட பசிபிக் தீவுகளின் பொலினீசிய மக்கள் பயபக்தியோடு செதுக்கிய உருவங்களைக் கேலிச்சித்திரமாக்கிக் குவளையில் ஒட்டியது இந்தத் தொழிலின் பழைய தப்பு. நம் சாமியை யாராவது சாராயக் குவளையாக்கினால் எனக்கு வயிறு எரியும், அவர்களுக்கும் அப்படித்தானே இருக்கும்? அந்தக் குவளைகளை எடுத்துவிடுங்கள். தீவுகளைச் சேர்ந்த சிற்பிகளிடம் கேட்டு, உரிய கூலி கொடுத்து, எதைச் செதுக்கலாம் என்பதை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் கலவைகளைக் கலக்கிக் கொடுத்த ஃபிலிப்பினோக்களையும் மறக்காதீர்கள். அவர்களில் ஒருவரான ரே புஹென் 1961-இல் லாஸ் ஏஞ்சலஸில் திறந்த டீக்கி-டீ இன்றும் அவர் குடும்பத்தின் கையில் இருக்கிறது. முட்டி இடிக்க உட்காரும் குட்டிக் கடை. அதற்கு யாரும் கண்ணாடிச் சுவர் போடவில்லை.

கடைசியாக ஒன்று. எங்கள் கடையிலிருந்து கழற்றிய பேத்தை மீன் விளக்குகள் எங்காவது ஒரு கிடங்கில் கிடக்கலாம். உங்களில் யாராவது அதை ஏலத்தில் எடுத்தால், தூசி தட்டி, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் மாட்டுங்கள். எனக்குத் தெரிந்தால் திறக்கும் நாளன்றே வந்து நிற்பேன்.

இப்படிக்கு,
ஓக்லாந்திலிருந்து ஒரு பழைய வாடிக்கையாளர்