கழுகு நெபுலாவில் எதுவும் எரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கழுகு நெபுலா என்ற விண்வெளி வாயு, தூசி மேகத்தில் தூண்கள்போல் எழுந்து நிற்கும் பகுதிகளை அரைப் பக்கத்துக்குப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் படத்தின் அடியில், 'கொழுந்துவிட்டு எரியும் வாயுவில் பிறக்கும் நட்சத்திரங்கள்' என்று ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

அங்கே எதுவும் எரியவில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நட்சத்திரம் உருவாவது அந்தத் தூண்களுக்குள் இருக்கும் இருட்டில், மைனஸ் 250, 260 டிகிரிக்குக் குளிர்ந்து கிடக்கும் வாயுவிலும் தூசியிலும். குளிர்ந்திருந்தால்தான் வாயு தன் ஈர்ப்பாலேயே சுருங்கும். சூடாக இருந்தால் அழுத்தம் அதை விரித்துவிடும். சுருங்கிச் சுருங்கி, நடுப்பகுதியின் வெப்பம் ஏறத்தாழ ஒரு கோடி டிகிரியை எட்டும்போதுதான் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணையத் தொடங்குகின்றன. வெளியே தெரியும் ஒளியோ, ஏற்கெனவே பிறந்துவிட்ட பெரிய நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிர் பட்டு வாயு ஒளிர்வது. அதே கதிர்தான் தூண்களை அரித்துக்கொண்டும் இருக்கிறது.

நிறங்களைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. நீங்கள் வெளியிட்டது 1995-இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம். கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று விஞ்ஞானிகள் பிரித்துக் கொடுத்த நிறங்கள் அவை. இதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகிறது என்பதை எங்கள் மொட்டைமாடியில் பார்க்கிறேன். மார்கழி, தை மாதங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னத் தொலைநோக்கியில் ஓரியன் நெபுலாவைக் காட்டுவேன். சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் நட்சத்திரங்கள் உருவாகும் இடம். கண்ணுக்குச் சாம்பல் நிறப் புகையாகத்தான் தெரியும். "பேப்பர்ல செவப்பா இருந்துச்சே, இது அது இல்ல" என்று ஒரு பையன் முகம் வாடிவிட்டான். அவ்வளவு மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது என்று எவ்வளவோ சொன்னேன். அச்சில் வந்ததைத்தான் அவன் நம்பினான்.

2022-இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி இதே தூண்களை அகச்சிவப்பில் படம்பிடித்து, தூசி மறைத்திருந்த இளம் நட்சத்திரங்களைக் காட்டியது. அந்தப் படம் உங்கள் இதழில் ராசிபலனுக்கு அலங்காரமாக வந்தது. அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. முழுப் பக்கமாக இருந்த அறிவியல் பகுதி அரைப் பக்கமானது, அப்புறம் மாதம் ஒருமுறை என்றானது. அதற்கும் எழுதினேன். ஒரு நடிகரின் பெயர் மாறி அச்சானால் மறுநாளே திருத்தம் போடுகிறீர்கள். வானத்துக்கு அந்த மரியாதை கிடையாதா?

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த ஞாயிறு இரண்டு வரியில் திருத்தம் வெளியிடுங்கள். இனி விண்வெளிப் படம் போடும்போது எந்தத் தொலைநோக்கி எடுத்தது, எந்த ஆண்டு, நிறங்கள் எதைக் குறிக்கின்றன என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர்,
காரைக்குடி