தெருக் கால்பந்து: கோப்பையைவிட வெள்ளிக்கிழமை முக்கியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வழிதவறிப் போகும் பிள்ளைகளைத் தெருக் கால்பந்தால் திருத்திவிடலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதன் நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளோடு பதினோரு வருஷம் சாயங்காலங்களில் பந்து ஆடியவன் நான். ஆனால், ஒரு பந்தைக் கொடுத்தால் போதும், அடிதடியை விட்டுவிடுவார்கள் என்கிற தொனி உறுத்தியது. பிள்ளைகளிடம் பந்து ஏற்கெனவே இருக்கிறது. 2001-இல் நாக்பூரில் விஜய் பார்சே என்ற விளையாட்டு ஆசிரியர், குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக ‘ஸ்லம் சாக்கர்’ என்ற கால்பந்து அமைப்பைத் தொடங்கக் காரணமே, மழையில் சில பையன்கள் உடைந்த வாளி ஒன்றை உதைத்து ஆடிக்கொண்டிருந்ததை அவர் பார்த்ததுதான். ஆட்டத்தை அவர் கொண்டுவரவில்லை. நின்று பார்த்தார், அப்புறம் தொடர்ந்து வந்தார்.

இந்த ‘தொடர்ந்து வருவது’ பற்றித்தான் எழுத வந்தேன்.

பயிற்சி தொடங்கிய முதல் மாதம் யார் வருவார்கள் தெரியுமா? ஏற்கெனவே ஒழுங்காக இருப்பவர்கள். யாருக்காகத் தொடங்கினோமோ அவர்கள் சுற்றுச்சுவர் மேல் உட்கார்ந்து நக்கலடிப்பார்கள். எங்களுக்கும் அப்படி மூன்று பேர் வாய்த்தார்கள். பந்து சுவரைத் தாண்டினால் எடுத்து ஒளித்துவைப்பார்கள். மூன்றாவது வாரம் அப்படிப் போன பந்தை அவர்களில் ஒருவன் நெஞ்சில் வாங்கி, கீழே விழவிடாமல், காலின் வெளிப்புறத்தால் நேராக என் கைக்கு அனுப்பினான். நான் பாராட்டவில்லை. “ஒரு ஆள் குறையுது” என்று மட்டும் சொன்னேன். செருப்பைக் கழற்றி இரண்டையும் சுவரோரம் சேர்த்து வைத்துவிட்டு இறங்கினான்.

பத்தே நிமிஷத்தில் சண்டை.

கெட்ட வார்த்தை பேசினால் வெளியே, கை ஓங்கினால் ஒரு வாரம் வரக்கூடாது என்றெல்லாம் நானே விதிகள் எழுதி ஒட்டியிருந்தேன். அதன்படி பார்த்தால் அவன் திரும்பவே முடியாது. அடுத்த முறை அடித்துக்கொண்டபோது அவன் கையில் விசிலைக் கொடுத்து, “இனிமேல் பவுல் எது என்று நீ சொல்லு” என்றேன். எல்லாவற்றுக்கும் ஊதினான். தோள் உரசினால் ஊதினான், தடுக்கி விழுந்தால் ஊதினான். ஆட்டம் நகரவே இல்லை. கடைசியில் எல்லாரும் கெஞ்ச ஆரம்பித்தார்கள். விசிலை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, “இது ரொம்பக் கஷ்டம் சார்” என்றான். அன்றைக்கு நான் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு, அவர்களையே உட்கார்ந்து பேசி விதி போடச் சொன்னோம். என்னுடையதைவிடக் கடுமையான விதிகளாகவே போட்டார்கள்.

இது என் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, கொலம்பியாவின் மெதெயின் நகரில் எப்போதோ செய்துவிட்டார்கள் என்று. 1994 உலகக் கோப்பையில் தவறுதலாகத் தன் அணிக்கு எதிராகவே கோல் போட்டுவிட்ட கொலம்பிய ஆட்டக்காரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபர், ஊர் திரும்பிய சில நாட்களில் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சமயத்தில் அங்கிருந்த ஜெர்மானியர் யூர்கன் கிரீஸ்பெக், ‘அமைதிக்கான கால்பந்து’ என்று ஒன்றைத் தொடங்கினார். நடுவர் கிடையாது. ஆண், பெண் கலந்த அணிகள். முதல் கோலை ஒரு பெண்தான் போட வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் விதிகளைப் பேசி முடிவு செய்வார்கள். ஆடிய பிறகு, யார் ஒழுங்காக ஆடினார்கள் என்று பேசி அதற்கும் புள்ளி போடுவார்கள். அந்தப் பெண் விதியைச் சும்மா அழகுக்காக வைத்தது என்று நினைக்காதீர்கள். யாருக்கும் பாஸ் கொடுக்காமல் தானே ஓடுகிற முரடன், அந்தப் பெண்ணுக்குப் பந்து போகாமல் தன் டீம் ஜெயிக்கவே முடியாது என்று புரிந்துகொள்கிற இடம் அது. கென்யாவில், நைரோபியின் மதாரே குடிசைப் பகுதியில் 1987-இல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கத்தில், தங்கள் பகுதிக் குப்பையை அள்ளிச் சுத்தம் செய்தாலும் லீக் பட்டியலில் புள்ளி உண்டு. இதெல்லாம் யாரோ வருஷக்கணக்கில் உட்கார்ந்து யோசித்து, தப்புச் செய்து, மாற்றி எழுதிய விதிகள். பந்து தானாகச் செய்ததில்லை.

நேரம் இன்னொரு விஷயம். இங்கிலாந்தில் முதல்நிலைக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக் 2006-இல் லண்டன் போலீசோடு சேர்ந்து தொடங்கிய ‘கிக்ஸ்’ திட்டம், தொல்லைகள் அதிகமாக நடக்கிற நேரம் எதுவோ அந்த நேரத்தில்தான் பயிற்சியை வைத்தது. சாதாரண அறிவுதான். ஆனாலும் பல திட்டங்கள் அலுவலக நேரத்தில் நடந்து, அலுவலக நேரத்தோடு முடிகின்றன. பையன்களுக்கு வேலையில்லாமல் போவது இருட்டிய பிறகு.

சரி, பணத்துக்கு வருகிறேன். எங்களுக்கு உதவிய ஓர் அமைப்பு (பெயர் வேண்டாம்) ஒரு வருஷம் வாராந்திரச் செலவை நிறுத்திவிட்டு, அதே பணத்தில் ஒரு நாள் டோர்னமென்ட் நடத்தியது. பேனர், எல்லாருக்கும் ஒரே சைஸில் டி-ஷர்ட், இரண்டு மணி நேரம் தாமதமாக வந்த விருந்தினர், ஒரு கோப்பை. போட்டோக்கள் நன்றாகவே வந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை பையன்கள் வழக்கம்போல வந்தார்கள், கேட் பூட்டியிருந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை சுவரேறிக் குதித்து ஆடினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். சமூக விரோத நடத்தையைக் குறைக்க வந்த திட்டத்தின் பெயரிலேயே ‘அத்துமீறி நுழைந்தனர்’ என்று ஒரு புகார் பதிவானது. அதைத் திரும்பப் பெறவைக்க நான் மூன்று முறை அலைந்தேன்.

புகார்களின் எண்ணிக்கையை வைத்து வெற்றியை அளப்பதாக உங்கள் கட்டுரை சொல்கிறது. புகார் குறைந்தால் பையன்கள் மாறிவிட்டார்கள் என்றும் இருக்கலாம், அடுத்த தெருவுக்கு மாறிவிட்டார்கள் என்றும் இருக்கலாம். முதல் மாதம் வந்தவர்களில் எத்தனை பேர் பத்தாவது மாதமும் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது இதைவிட நேர்மையான கணக்கு. குற்றத் தடுப்புத் திட்டம் என்று இந்த மாதிரிப் பயிற்சிக்குப் பெயர் வைப்பதையும் விட்டுவிடலாம். “எங்களைத் திருடன் என்று நினைத்துத்தான் கூப்பிட்டீர்களா?” என்று ஒருவன் என்னிடம் கேட்டிருக்கிறான். பதில் சொல்ல வரவில்லை.

விசில் ஊதியவன் பெரிய ஆட்டக்காரன் எல்லாம் ஆகவில்லை. நடுவில் இரண்டு முறை போலீஸ் ஸ்டேஷன் போய்வந்தான். இரண்டு முறையும் வெளியே வந்த வாரமே பயிற்சிக்கு வந்தான், எதுவும் நடக்காதது மாதிரி செருப்பைச் சுவரோரம் சேர்த்து வைத்தான். நானும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த முறை இப்படி ஒரு திட்டத்தைப் பற்றி எழுத உங்கள் நிருபரை அனுப்பினால், கோப்பை கொடுக்கிற நாளில் அனுப்பாதீர்கள். மழை தூறுகிற ஏதாவது ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை போகச் சொல்லுங்கள். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு, கேட் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்