காலைக் கடலில் படகு வாங்காதே

கொழும்பு 6
பங்குனி, முதல் கிழமை

அன்புள்ள மச்சான்,

கடிதமும் மூன்று படகுகளின் படங்களும் வந்து சேர்ந்தன. வீட்டில் எல்லோரும் சுகம். வெயில்தான் ஆளை வாட்டுது. 21 அடியை விற்றுவிட்டு 28 அடிக்கு ஏறுவதில் எனக்கு மறுப்பில்லை. நீ எழுதியிருக்கிற ஒழுங்குதான் பிழை. முதலில் உச்ச வேகம், பிறகு குதிரைவலு, பிறகு நீளம், கடைசி வரியில் "கலக்கமான கடலுக்கும் ஏற்றதாம்". அந்தக் கடைசி வரிக்காகத்தானே இவ்வளவு காசைக் கொட்டப் போகிறாய்? 50 நொட் (மணிக்கு 50 கடல் மைல்) ஓடும் படகு நம் பக்கத்தில் வருஷத்தில் எத்தனை நாள் 50 ஓடும்? இரண்டு மூன்று அடி அலை நெருக்கி நெருக்கி வரும் பின்னேரத்தில், நாரி முறியாமல் எத்தனை நொட் பிடிக்கலாம் என்பதைக் கேள்.

அதற்கு முதலில் படகின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். இப்போது உன்னிடம் இருப்பது, எஞ்சின் பூட்டும் பின்பலகையில் 18 பாகை வீ, அதாவது அடி நடுவிலிருந்து பக்கத்துக்கு ஏறும் சரிவு 18 பாகை. 28 அடியில் 22 முதல் 24 பாகை வரை தேடு. 1960இல் மயாமி–நசாவ் ஓட்டத்தை வென்ற 'மோப்பி' படகின் அடியை வரைந்தவர் படகு வடிவமைப்பாளர் ரே ஹன்ட். கடும் கடல் படகுகளுக்கு 24 பாகை ஒரு அளவுகோலாக நின்றது அந்தக் காலத்திலிருந்துதான். விற்பவர் வாயால் சொல்லும் பாகையை நம்பாதே, அளக்கலாம். படகு ட்ரெயிலரில் நிற்கும்போது பின்பலகைக்குக் கிட்ட, ஏராவிலிருந்து (அடியின் நடுக்கோடு) வெளிப்பக்கமாக ஒரு நேர்த் தடியை அடியோடு ஒட்டிப் பிடி. நீளவாட்டில் ஓடும் வரம்புகளில் தடி முட்டக் கூடாது. மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்து போனைத் தடியில் வை. மற்றப் பக்கமும் அப்படியே அளந்து, இரண்டையும் கூட்டி இரண்டால் பிரி. ட்ரெயிலர் சரிந்து நின்றாலும் பிழை அடிபட்டுப் போகும்.

ஆழ்ந்த வீக்கு விலையும் உண்டு. நங்கூரம் போட்டுத் தூண்டில் போடும்போது தொட்டில் மாதிரி ஆடும். தண்ணீருக்கு மேலே எழுந்து ஓடக் கூடுதல் வலு கேட்கும். மீன்பிடிதான் முக்கியம் என்றால் 21, 22 பாகையோடு நின்றுகொள்.

அடுத்தது பாரம். பாரம் குறைந்தால் வேகம் கூடும் என்பது தட்டைக் கடல் கணக்கு. அலையில் பாரம் குறைந்த படகு பறக்கும், பறந்தது விழும். ஒரே பாகையில் இரண்டு படகு இருந்தால் பாரமானதை எடு. பெற்றோல், ஆட்கள், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்து உனக்கு 3,500 கிலோ வரும் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குரௌச் சூத்திரம் உனக்குத் தெரிந்ததுதான்: பாரத்தை இறாத்தலில் எடுத்துக் குதிரைவலுவால் பிரித்து, அதன் வர்க்கமூலத்தால் 190ஐப் பிரித்தால் மணிக்கு எத்தனை மைல் என்று வரும். 7,700 இறாத்தலுக்கு 300 குதிரைவலு எஞ்சின் இரண்டு பூட்டினால் 53 மைல், ஏறக்குறைய 46 நொட். இரண்டு 250 என்றால் 48 மைல், 42 நொட். நூறு குதிரைவலுவுக்குக் கிடைப்பது 4 நொட், அதுவும் கண்ணாடிக் கடலில். என்னைக் கேட்டால் இரண்டு 250 போதும். மிச்சக் காசில் அதிர்வு தாங்கும் நல்ல இருக்கை இரண்டு வாங்கு. 42 நொட்டில் நீ ஓடப்போவதில்லை. அந்த இருக்கையில் ஒவ்வொரு நாளும் இருக்கப்போகிறாய்.

மூன்றாவது படத்தில் இருக்கிற படகின் அடியில் குறுக்கே படி வெட்டியிருக்கிறது, கவனித்தாயா? படி வழியே காற்று அடிக்குப் போய் நனையும் பரப்பைக் குறைக்கும். வேகமும் சிக்கனமும் கிடைக்கும். ஆனால் எஞ்சினை வெளியே ட்ரிம் பண்ணியபடியே (கீழ்முனையைப் பின்பலகையை விட்டுத் தள்ளிச் சாய்த்தபடியே) வேகமாகத் திருப்பி, நடுவில் பயந்து த்ரொட்டிலை விட்டாயோ, அணியம் (முன்பக்கம்) தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், பின்புறம் சுழன்று வரும். திரும்புவதற்கு முன்னமே ட்ரிம்மை நடுநிலைக்குக் கொண்டுவந்து, வேகத்தை இறக்கி, திருப்பம் முடியும்வரை கொஞ்சம் த்ரொட்டில் பிடித்தே ஓட்ட வேண்டும். உன் மகனும் ஓட்டுவான் என்று எழுதியிருக்கிறாய். அதனால் அதை விடு.

புரொப்பலரில் கஞ்சத்தனம் பண்ணாதே. கலக்கக் கடலில் மூன்று இலை அடிக்கடி பிடி விட்டு எஞ்சினை அலற வைக்கும். நான்கு இலை பிடித்துக்கொண்டு நிற்கும். மூன்றிலிருந்து நான்குக்கு மாறும்போது வழக்கமாகப் பிட்சை (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) ஒரு அங்குலம் குறைக்க வேண்டி வரும். முழு த்ரொட்டிலுக்கு 5,000 முதல் 6,000 சுற்று என்று சொல்லப்பட்ட எஞ்சின், நிறை பாரத்தோடு 5,600க்கு மேல் போக வேண்டும். 5,200இலேயே மூச்சு வாங்கினால் பிட்ச் கூடிவிட்டது. ஒரு அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று ஏறும். வேகம் தேடுகிறவர்கள் எஞ்சினை, பின்பலகையில் போல்ட் போடும் ஓட்டைக் கணக்கில் ஒரு ஓட்டை, இரண்டு ஓட்டை மேலே தூக்கிப் பூட்டியிருப்பார்கள். ஒரு ஓட்டைக்கு முக்கால் அங்குலம். அப்படிப் பூட்டிய படகு அலை முகட்டில் காற்றைக் குடிக்கும், குளிர்விக்கும் தண்ணீரின் அழுத்தமும் விழும். உனக்கு ஒரு ஓட்டை இறக்கிப் பூட்டுவதே நல்லது.

பெற்றோல் கணக்கு உன்னை அதிர வைக்கும். 300 ஒன்று முழு த்ரொட்டிலில் மணிக்கு 95 லீற்றரைத் தாண்டும். 250 கொஞ்சம் குறைவு. 28 நொட்டில் இரண்டு எஞ்சினும் சேர்ந்து கடல் மைலுக்கு 3 லீற்றர் என்று வைத்துக்கொள். பேருவளைக்குப் போய்வர 60 கடல் மைல், 180 லீற்றர். மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்றால், புறப்படும்போது 270 லீற்றர் இருக்க வேண்டும். அலை எழும்பி நீ 10, 12 நொட்டுக்கு இறங்கினால் செலவு குறையும் என்று நினைக்காதே. அந்த வேகத்தில் படகு அணியத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழும். மைலுக்கு இன்னும் கூடக் குடிக்கும். அமெரிக்கக் கைநூலில் பெற்றோல் ஒக்டேன் 87 என்று போட்டிருந்தால் நம் 92 சரி. 89 என்றால் 95 ஊற்று. அவர்களின் எண்ணும் நம்முடையதும் ஒரே அளவையில்லை. எஞ்சினுக்கு ஒன்றாக, தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரோன் ஃபில்டர் பூட்டியிருக்கிறதா என்றும் பார்.

இப்போது ஓட்டிப் பார்க்கும் விஷயம். பங்குனிக் கடல் காலை 8 மணிக்குத் தாம்பாளத் தண்ணீர் மாதிரி இருக்கும். அந்த நேரத்துக்குத்தான் உன்னைக் கூப்பிடுவார்கள். போகாதே. பின்னேரம் 2 மணிக்குப் பிறகு கடற்காற்று எழும்பட்டும். அரைத் தாங்கி பெற்றோலும் நான்கு ஆட்களும் இல்லாமல் கரையை விட்டு வெளிக்கிடாதே. கொழும்புத் துறைமுகத்தின் வெளி அலைதாங்கிக்கு வெளியே, கப்பல் வழியை விட்டுத் தள்ளி ஓட்டு. சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் வரும் அலையும் மோதிக் கூம்பு கூம்பாக எழும்பும். இதைவிட நல்ல பரீட்சை மண்டபம் கிடைக்காது. களனி ஆற்று வாய்ப் பக்கம் மட்டும் மழைக்குப் பிறகு போகாதே, மரக்கட்டை மிதந்து வரும்.

அலைக்கு நேரே 20 முதல் 25 நொட் பிடி. எஞ்சினை உள்ளே ட்ரிம் பண்ணு, ட்ரிம் டாப்பை (பின்பலகையின் இரு பக்கமும் ஏறி இறங்கும் தட்டுகள்) கொஞ்சம் இறக்கு. அணியத்தின் கூர் அலையை வெட்ட வேண்டும். சத்தத்தைக் கேள். 'தொம்' என்று அமுங்கினால் நல்லது. 'படார்' என்று அடித்து, டாஷ்போர்ட் திருகாணிகள் கிலுகிலுத்தால் அடியில் தட்டை கூட. பிறகு அலையைப் பக்கவாட்டில் வாங்கு. ஆழ்ந்த வீ காற்று வரும் பக்கம் சாயும். 24 பாகைப் படகு 10 பாகை சாய்ந்தால் அந்தப் பக்கம் 14 பாகைதான்; நீ காசு கொடுத்து வாங்கிய கூர் போய்விடும். காற்றுப் பக்க டாப்பை மட்டும் சிறிது இறக்கு, நிமிர்கிறதா பார். நிமிராவிட்டால் டாப் சிறிது, அல்லது ஹைட்ரோலிக் பழுது.

அலை பின்னால் வர ஓடும்போது டாப் இரண்டையும் முழுக்கத் தூக்கி அணியத்தை உயர்த்து. முன் அலையின் முதுகில் மூக்கைக் குத்துகிற, ஸ்டியரிங்கில் அங்குமிங்கும் அலைகிற படகு வேண்டாம். கடைசியாக, டாப்பை இறக்கி, வேகத்தை ஒவ்வொரு நொட்டாகக் குறைத்து வா. எத்தனையில் படகு கீழே உட்காருகிறது? 14, 15 வரை தாங்கினால் சோளகம் (தென்மேற்குப் பருவக்காற்று) முந்தி வந்த நாளிலும் ஓடி வீடு சேரலாம். 18இலேயே உட்கார்ந்தால், மேலே சொன்ன உழவு வேலைதான் கதி. விற்பவர் எவருமே உச்ச வேகத்தைச் சொல்வார், இந்த எண்ணைச் சொல்லமாட்டார்.

கரைக்கு வந்ததும் பின்பலகை. எஞ்சினைப் பாதி தூக்கி, ஒருவனை எஞ்சின் கீழ்க்காலில் புரொப்பலருக்கு மேலே இருக்கும் தட்டில் ஏறி மெல்லத் துள்ளச் சொல். நீ உள்ளே நின்று மேல் போல்ட்டுகளையும் எஞ்சின் குழியின் மூலைகளையும் பார். பலகை மூச்சு விடுவதுபோல அசைந்தாலோ, மூலையில் மயிரிழை வெடிப்பு விரிந்து மூடினாலோ உள்ளே மரம் ஊறிவிட்டது. பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே வா. நல்ல இடம் கணீரென்னும், உக்கிய இடம் பூசணிக்காய் மாதிரி. கியர் ஓயிலைக் கொஞ்சம் வடி, பால் நிறம் என்றால் சீல் போய்விட்டது. சிலிண்டர் அழுத்தத்தில் எண்ணைவிட ஒற்றுமை முக்கியம். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. ஓடிய மணித்தியாலத்தை மீற்றரில் பார்க்காதே, மெக்கானிக்கைக் கணினியில் எடுக்கச் சொல்.

இன்னொன்று. படகு தண்ணீரில் நிற்கும்போது ஐந்து பேரும் பின்னால் போய் நில்லுங்கள். தளத்து நீர்த்துளை வழியே கால் நனைந்தால், பெரிய எஞ்சின் மாட்டிய பிறகு இன்னும் நனையும்.

சோளகத்துக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை, அதற்குள் முடிவெடுத்தாக வேண்டும் என்று அந்தரப்படாதே. ஐப்பசி வரை பொறுத்தால் அதே படகு விலை பேசவும் வசதி. முதலாவது படகை இன்னும் ட்ரெயிலரில்தான் வைத்திருக்கிறார்கள் என்றால், தடியும் போனும் எடுத்துக்கொண்டு போ. இரண்டு பக்கப் பாகை, எஞ்சின் எத்தனையாம் ஓட்டையில் பூட்டியிருக்கிறது, புரொப்பலர் குடத்தில் அடித்திருக்கும் எண்கள், இந்த மூன்றையும் எழுதி அனுப்பு. சுற்றுக்கணக்கை நான் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
உன் வெள்ளவத்தைக்காரன்